அலைகளை ஒத்திப்போடாதீர்கள்

2020 மே 20, புதன்கிழமை. ஊரடங்கில் பெங்களூரு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாட்கள். மதியம் ஒன்றேகால் மணி தாண்டியதும் நகரம் முழுக்க ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நிலநடுக்கம் என்றுதான் பலரும் முதலில் நினைத்தார்கள். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தன் கருவிகளைப் பார்த்துவிட்டு, நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று அறிவித்தது. பிறகு பாதுகாப்புத் துறையின் விளக்கம் வந்தது. விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்து, 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் வேகத்தைக் குறைத்திருக்கிறது. அப்போது எழுந்த முழக்கம்தான் கேட்டிருக்கிறது. விமானம் 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அது காதில் விழும். 2021 ஜூலையில் இன்னொரு சத்தம், நவம்பரில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் நிலநடுக்கமா என்ற அதே பயம்.

இது எந்த ஊர் என்று யோசித்துப் பாருங்கள். இந்திய அறிவியல் கழகம் இங்கே இருக்கிறது. இஸ்ரோவின் தலைமையகம், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ராமன் ஆய்வுக் கழகம் எல்லாம் இங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பொறியாளர்கள் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி இருக்கிறார்கள். அலையின் வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குக் கேட்க வேண்டியிருந்த கேள்விகள் வேறு. இது காற்று வழியாக வந்ததா, தரை வழியாக வந்ததா? ஜன்னல் மட்டும் அதிர்ந்ததா, காலுக்குக் கீழே தரையும் அசைந்ததா? ஒரே அடியாக முடிந்ததா, ஒரு சின்னக் குலுக்கலும் சில விநாடி கழித்துப் பெரிய குலுக்கலும் வந்ததா? சிறு நிலநடுக்கங்களும் உறுமல் எழுப்பும் என்பதால் இந்தக் கேள்விகள் உடனடியாகத் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டா. ஆனாலும் கேட்கத் தெரிந்தவர் பதறுவதை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கியிருப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டக்கூடிய கேள்விகள்தாம் இவை. கேட்கப் பழக்கியவர்தான் யாருமில்லை.

இதற்குப் பின்னால் நம் வீடுகளிலும் ஆசிரியர் அறைகளிலும் ஊறிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது. அலைகள் பெரிய வகுப்புப் பாடம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியாது. கணக்கு வந்த பிறகுதான் அலை வரும். அதுவரை வரையறையை மனப்பாடம் செய்தால் போதும். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு, தீங்கும் செய்கிறது.

அது வகுப்பறையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒலிக்கென்று ஒரு பாடம் பல ஆண்டுகள் இருந்தது. அதை நடத்துவதாகச் சொல்லிப் பல பள்ளிகளில் நடப்பது இவ்வளவுதான்: அதிர்வெண், வீச்சு, இருபது முதல் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை. எழுதிக்கொள், அடிக்கோடிடு, தேர்வில் எழுது. கரும்பலகையில் மேலும் கீழுமாக ஒரு நெளிகோடு போட்டு, இதுதான் ஒலியலை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கோடு, காற்றின் அழுத்தம் இடத்துக்கு இடம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம். பிள்ளையோ காற்றே அப்படி மேலும் கீழும் நெளிந்து போகிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்கிறது. அந்தப் படத்தை அழிக்கக் கல்லூரிக்குப் போன பிறகும் முடிவதில்லை.

ஒத்திப்போடுகிறவர்கள் ஒரு பக்கம் என்றால் அவசரப்படுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்தே ஐ.ஐ.டி.க்கு ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று நகரெங்கும் பலகைகள். அங்கே சூத்திரம் ஏழாம் வகுப்புக்கே இறங்கி வந்துவிடுகிறது. எண்களைப் போட்டு விடை எடுக்கும் பயிற்சி முந்நூறு கணக்குகளுக்கு நடக்கிறது. பெற்றோருக்கு மகிழ்ச்சி. இந்த இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று எதிர் என்று தோன்றும். அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். சூத்திரமே அலை என்கிறார்கள் இருவரும். ஒருவர் அதற்குக் காத்திருக்கச் சொல்கிறார், இன்னொருவர் அதை முன்கூட்டியே திணிக்கிறார். அலை என்ன செய்கிறது என்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

சூத்திரம் தெரிந்தால் அலை புரிந்துவிடும் என்பதற்கு எதிரான சாட்சியம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்முன் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மைக்கேல் விட்மனும் எட்வர்ட் ரெடிஷ் முதலானோரும் பொறியியல் படிக்கும் மாணவர்களிடம் எளிய கேள்விகள் கேட்டார்கள். இழுத்துக் கட்டிய கயிற்றின் ஒரு முனையைச் சுண்டினால் ஒரு துடிப்பு அதன் வழியே ஓடுகிறது. அது இன்னும் வேகமாகப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்? கையை இன்னும் வேகமாகச் சுண்ட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அது சரியில்லை, துடிப்பின் வேகத்தைக் கயிற்றின் இறுக்கமும் கனமுமே முடிவு செய்கின்றன. ஒலிபெருக்கிக்கு முன்னால் மிதக்கும் ஒரு தூசித் துகளுக்கு, ஒலி வந்ததும் என்ன ஆகும்? ஒலி அதைத் தள்ளிக்கொண்டே போய்விடும் என்று பலர் சொன்னார்கள். உண்மையில் அது இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும். கணிதம் நன்றாகத் தெரிந்தவர்கள் இவர்கள். கணக்கு வந்த பிறகு அலை தானாக வரும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சரி, கணக்கில்லாமல் எப்படிக் கற்றுத் தருவது? இருபது பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக நிற்க வையுங்கள். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவர் தோளில் இரு கைகளையும் நீட்டி அழுத்தி வைத்துக்கொள்ளட்டும். கடைசியில் நிற்பவரை ஆசிரியர் மெல்ல முன்னோக்கித் தள்ளுகிறார். தள்ளு வரிசை நெடுக ஓடுகிறது. முதலில் நிற்கும் பிள்ளை முன்னால் சாய்ந்து நிமிர்கிறது. யாரும் இடம் மாறவில்லை, தள்ளு மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது. நெட்டலைக்கு அந்த வகுப்பில் இனி வரையறை எழுதிப்போடத் தேவையில்லை. அடுத்து, கடைசிப் பிள்ளையைப் பக்கவாட்டில் அசையச் சொல்லுங்கள். தோளைப் பிடித்த கைகள் அடுத்தவரை இழுக்க, அசைவு ஒவ்வொருவராகத் தொற்றி முன்னே நகரும். பிள்ளைகள் இடம் வலமாக அசைகிறார்கள், அலையோ நேராகப் போகிறது. இது குறுக்கலை.

இதற்கு மேல்தான் உண்மையான பாடம் இருக்கிறது. எல்லோரும் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நெருக்கமாக நிற்கட்டும். பின்னாலிருந்து தள்ளினால் ஒருவர்மேல் ஒருவர் முட்டித் தள்ளு இப்போதும் போகிறது. பக்கவாட்டில் அசைந்தால்? அசைந்தவரோடு சரி. முன்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளாத இடத்தில் பக்கவாட்டு அசைவு பரவாது. தண்ணீருக்குள்ளும் காற்றுக்குள்ளும் ஒலி ஏன் நெட்டலையாக மட்டும் போகிறது என்பதைப் பிள்ளை தன் உடம்பாலேயே தெரிந்துகொள்கிறது.

இதோடு ஒரு கதையையும் சொல்லலாம். ரிச்சர்ட் ஓல்ட்ஹாம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897 ஜூன் 12 அன்று அசாமைப் புரட்டிப்போட்ட பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர்தான். ஒரே நடுக்கத்திலிருந்து வெவ்வேறு வகை அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதைப் பதிவுகளில் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது முன்னும் பின்னும் தள்ளும் அலை, அடுத்து வருவது பக்கவாட்டில் உலுக்கும் அலை, கடைசியில் மேற்பரப்பில் உருண்டு வருவது. அலைகள் வந்துசேரும் நேரத்தை வைத்தே, பூமிக்கு உள்ளே வேறு தன்மை கொண்ட ஒரு கருவம் இருக்கிறது என்று 1906இல் வாதிட்டார். அந்தக் கருவத்தின் வெளிப்பகுதி உருகிய திரவம் என்று பின்னால் வந்தவர்கள் முடிவு செய்ததற்கு முக்கியக் காரணம், பக்கவாட்டு அலை அதைக் கடந்து மறுபுறம் வருவதில்லை என்பதே. எந்த மனிதனும் போய்ப் பார்க்க முடியாத ஆழம் அது. தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்ற பிள்ளைக்கு இந்த வாதத்தை முழுமையாகச் சொல்ல முடியும். ஒரு சமன்பாடுகூட வேண்டாம். இதையா புரியாது என்று பூட்டி வைத்திருக்கிறோம்?

நீரலைக்கு அல்சூர் ஏரி இருக்கிறது. கரையோரம் மிதக்கும் ஒரு காய்ந்த இலையைக் குறி வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அலை இலையைக் கடந்து போகிறது. இலை ஏறி இறங்கி, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. படகு ஒன்று வேகமாகப் போனால் அதன் இரு பக்கமும் கூம்பாக விரியும் அலையைப் பார்க்கலாம். படகு தான் எழுப்பும் அலைகளையே முந்திக்கொண்டு போவதால் அவை ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கூர்மையான விளிம்பாகின்றன. ஒலியை முந்தும் விமானத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், காற்றில். குவிந்த அந்த விளிம்பு நம்மைக் கடக்கும் கணத்தில் முழக்கம் கேட்கிறது. ஒலித்தடையை உடைக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் சத்தம் வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அப்படிக் கிடையாது, விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும் வரை, படகின் பின்னால் அலை விரிந்துகொண்டே வருவதுபோல், அந்த விளிம்பும் கூடவே வரும். அறுபத்தைந்து கிலோமீட்டரை ஒலி கடக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதையும் ஏழாம் வகுப்பு வகுத்தல் கணக்கிலேயே பிள்ளை கண்டுபிடித்துவிடும். கணக்கு இங்கே தேவைப்பட்டு வருகிறது. அப்படி வருவதுதான் அழகு.

இசைக்குப் போனால் நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. சாதாரணத் தோல் மேளத்தைத் தட்டினால் எழும் துணைச் சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் இரைச்சலாகக் கலக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கருப்புக் கரணை அந்தக் கோளாறைச் சரி செய்கிறது. தோலின் நடுவில் எடையைக் கூட்டி, துணைச் சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வரும்படி செய்கிறது. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். முதலில் 1920இல், கல்கத்தாவில் இருந்தபோது. பிறகு பெங்களூரு வந்து அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த 1930களில், விரிவாக. தோலின் மேல் நுண்மணலைத் தூவித் தட்டினார். அதிரும் இடத்திலிருந்து மணல் விலகி, அதிராத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. நோபல் பரிசு பெற்ற மனிதர் கையாண்ட முறை இது. ஒரு பழைய டப்பாவின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, பக்கத்தில் வாய் வைத்து உரக்கப் பாடினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒலி கண்ணுக்குத் தெரியும். இதற்கு எந்த ஆய்வகம் வேண்டும்?

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்குச் சற்று முன், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. நிலத்தின் வழியே ஓடிய அலைகள் சில நிமிடங்களில் சென்னைக்கு வந்துவிட்டன. நடுக்கத்தை உணர்ந்து வீட்டுக்கு வெளியே வந்தவர்கள் உண்டு. கடல்நீரின் வழியே கிளம்பிய அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. ஒரே நிகழ்வு, இரண்டு ஊடகம், இரண்டு வேகம். நாலாயிரம் மீட்டர் ஆழமான கடலில் ஆழிப்பேரலை மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் அளவில் ஓடும். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் எழும்பும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத்தில் அது 2007இல்தான் வந்தது. அந்தச் சாவுகளுக்குப் பாடத்திட்டத்தைக் குற்றவாளியாக்க நான் முயலவில்லை. ஆனால் அதே நாளில் நடந்த வேறு இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில், இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி கடல்நீர் நுரைத்துக் கொந்தளிப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் ஆழிப்பேரலை பற்றிப் பாடம் நடந்திருந்தது. பெற்றோரிடம் கத்திச் சொன்னாள். கடற்கரை காலியானது. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். அங்கே இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் வந்த பேரலையின் நினைவை அந்த ஊர்க்காரர்கள் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள்: தரை பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. பத்து வயதுப் பெண்ணுக்கும் சூத்திரம் தெரியாது, தீவின் பாட்டிகளுக்கும் தெரியாது. அலை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் புரியாது என்று இனியும் சொல்கிறவர்கள் இந்த இரண்டு கடற்கரைகளையும் நினைத்துவிட்டுச் சொல்லட்டும்.

கண்ணுக்குத் தெரியாத அலைகளுக்கும் இதே நியாயம்தான். பெங்களூருக்கு வடக்கே, எண்பது கிலோமீட்டர் அளவில், கௌரிபிதனூர் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1960களிலிருந்து அங்கே தரையில் கருவிகளைப் பதித்து, நிலநடுக்கங்களையும் தொலைவில் நடக்கும் அணுகுண்டுச் சோதனைகளையும் நில அலைகளாகக் கேட்டு வருகிறது. அதே வட்டாரத்தில் ராமன் ஆய்வுக் கழகமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் அமைத்த ரேடியோ தொலைநோக்கி, சூரியனிலிருந்தும் விண்மீன்களுக்கு இடையிலிருந்தும் வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிறது. அவற்றின் அலைநீளம் ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மண்ணைக் கேட்கும் காதும் வானத்தைக் கேட்கும் காதும் ஒரே ஊரில். நில அலைக்கு ஊடகம் வேண்டும், ரேடியோ அலைக்கு வேண்டாம் என்ற ஒரு வேறுபாட்டை ஏழாம் வகுப்பில் பேசிவிட்டால் போதும். ஒளியும் ரேடியோவும் கைப்பேசி அலையும் ஒரே குடும்பம் என்று தெரிந்து வளரும் பிள்ளை, 'கதிர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மிரளாது. 2021 மே மாதம், 5ஜி சோதனைதான் கொரோனாவைப் பரப்புகிறது என்று வதந்தி ஓடியது. நாட்டில் எங்குமே 5ஜி சோதனை தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்த வதந்தியை நம்பி அடுத்தவருக்கு அனுப்பியவர்களில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கணக்கில்லாமல் கயிற்றை ஆட்டிக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டி ரசிப்பார்கள், ஒன்றும் கற்க மாட்டார்கள் என்கிறார்கள் அனுபவமுள்ள ஆசிரியர்கள் சிலர். காட்டிவிட்டுப் போனால் அப்படித்தான் ஆகும். ஆட்டும் முன் கேட்க வேண்டும். கையை வேகமாகச் சுண்டினால் துடிப்பு சீக்கிரம் போய்ச் சேருமா? கையைத் தூக்கு, எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை? கரும்பலகையில் எண்ணிக்கையை எழுது. பிறகு சுண்டு, பார். கயிற்றை இன்னும் இறுக்கிவிட்டு மறுபடி சுண்டு. தான் சொன்னது பொய்த்ததைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை மறக்காது. மேரிலாந்தின் பொறியியல் மாணவர்கள் தடுக்கி விழுந்த அதே கேள்வியை ஏழாம் வகுப்பிலேயே தாண்டிவிடலாம்.

மற்ற சாக்குகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும் என்கிறார்கள். நான் சொன்ன அத்தனைக்கும் ஆறு பீரியட் போதும். ஆய்வகம் இல்லை என்கிறார்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் கிராமப் பள்ளிகளில், செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. மலிவான பொருள்களைக் கொண்டே ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுத விட்டார்கள். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. அரசுப் பள்ளியில் முடியாது என்பவர்களுக்கு அந்த முப்பது ஆண்டுகளே பதில்.

எல்லாவற்றையும் கட்டிப்போடுவது கேள்வித்தாள்தான். அலையை வரையறு என்று கேட்கும் வரை ஆசிரியர் வரையறையைத்தான் எழுதிப்போடுவார், பெற்றோரும் அதையே வீட்டில் ஒப்பிக்கச் சொல்வார்கள். ஆகவே பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடமும் கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடமும் நான் கேட்பது இது: வரும் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பின் ஒரே ஒரு தேர்விலாவது இந்த மூன்றையும் கேளுங்கள். மின்னல் தெரிந்து ஒன்பது விநாடி கழித்து இடி கேட்டால் மின்னல் ஏறத்தாழ எவ்வளவு தொலைவில் அடித்தது, எப்படிக் கண்டுபிடித்தாய்? ஒலிபெருக்கிக்கு முன்னால் மிதக்கும் தூசிக்கு என்ன ஆகும், படம் வரைந்து காட்டு. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது சென்னைக்குச் சில நிமிடங்களில் தெரிந்தும் கடலலை வர இரண்டு மணி நேரம் ஆனது ஏன், அந்த நேரத்தில் கடற்கரையில் இருப்பவர் என்ன செய்திருக்க வேண்டும்?